மாதாவுக்கு நேர்ந்த தட்டு

ஷைனி கவிச்சி தொடமாட்டாள் என்பது மேட்டுப்பட்டியில் அந்தத் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு அவள் அம்மா வினோலியா தெரியப்படுத்திவிடுவாள். கல்யாண வீடானாலும் புதுநன்மை விருந்தானாலும், பந்தியில் உட்கார்ந்த கையோடு பரிமாறுகிறவரை மறித்து, "இந்தப் பிள்ளைக்கு மட்டும் கறி வைக்காதீங்கண்ணே, மாதாவுக்கு நேர்ந்த பிள்ளை" என்பாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். எதிர்வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டாமா? அதற்குப் பெயர் பெருமை என்று யாராவது சொல்லியிருந்தால் வினோலியா சண்டைக்கு வந்திருப்பாள். அவளைப் பொறுத்தவரை அது பக்தி.

நேர்ச்சைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரொனால்டும் ஷைனியும் கொரோனா ஊரடங்கில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ரொனால்டு வெளியே வந்ததும் வராததுமாக ஆஸ்பத்திரியையே கூட்டி அழுதான். பின்னால் வந்த ஷைனிக்கு அழவும் தெம்பில்லை. எலிக்குஞ்சு மாதிரி கிடந்தவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நர்ஸ் கையை விரித்துவிட்டாள். பச்சை உடம்போடு சுவரைப் பிடித்து நின்ற வினோலியா, வேளாங்கண்ணி இருக்கும் கிழக்குப் பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டாள். "தாயே, இவளை எனக்குக் குடுத்துரு. உன் கோயிலுக்கு நடந்தே கூட்டியாந்து முடி எறக்குற வரைக்கும் இவ வாயில கவிச்சி படாது."

மாதா கொடுத்துவிட்டாள். நடைப்பயணம்தான் நடக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் கொரோனா என்று திருவிழாவுக்கு ஆளே விடவில்லை. அதற்கடுத்த வருஷம் வினோலியாவின் புருஷன் ஆண்டனிராஜுக்குக் கால் முறிந்தது. அடுத்து மாமியார் செத்துப்போனாள், துக்க வருஷம். போன வருஷம் கண்டிப்பாகப் போவது என்று காவித்துணி எடுத்து ரொனால்டுக்குச் சட்டையும் ஷைனிக்குக் கவுனும் தைத்தே விட்டாள் வினோலியா. கிளம்புகிற வாரத்தில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்து அதுவும் போயிற்று. எல்லாம் தள்ளிப்போனது, நேர்ச்சை மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஷைனியின் முடி இடுப்பைத் தொட்டது. வாயில் கவிச்சி படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. வினோலியாதான் டீச்சர். வகுப்பை முடித்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் ஆண்டனிராஜ் கறி வாங்கி வைத்திருப்பார். திண்டுக்கல்லில் பிறந்துவிட்டு, சீரகச்சம்பா பிரியாணி வாசம் அடிக்காத ஞாயிற்றை ஞாயிறு என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா? நான்கு தட்டு போடுவார்கள். மூன்றில் பிரியாணி. நான்காவது ஒரு சின்ன ரோஸ் கலர்த் தட்டு. அதில் ரசஞ்சோறும் அப்பளமும். கறிக்குழம்பில் கிடந்த கரண்டி அதில் தப்பித்தவறிப் பட்டுவிடக் கூடாது என்று அதற்குத் தனிக் கரண்டி. ஷைனி எலும்பு கடிக்கும் அண்ணனை வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். ஆனால் கேட்கமாட்டாள். "கேட்டா மாதா கோவிச்சுக்கும்" என்று சொல்லி வளர்த்திருந்தாள் அம்மா.

கறி தின்னாத வீட்டுப் பிள்ளைகள் வளரவில்லையா என்றால், நன்றாகவே வளர்கிறார்கள். அந்த வீடுகளில் பருப்பும் பாலும் கீரையும் தட்டை நிறைக்கும். வினோலியா கறியை எடுத்தாளே தவிர அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. காலையில் டீயும் ரஸ்க்கும். மத்தியானம் ரசஞ்சோறு. ராத்திரி மிஞ்சிய சோற்றில் மோர் விட்டு ஊறுகாய். அதிலும் நாலு வாய்க்குமேல் ஷைனிக்கு இறங்காது. "நேர்ந்த பிள்ளை, அதுக்குப் பசியே தெரியல" என்று இதற்கும் மாதாவையே காரணம் காட்டுவாள். ஒரு காலத்தில் கீரை இருந்தது. கொல்லையில் நின்ற முருங்கை மரம் தெருவுக்கே படியளந்தது. அது பட்டுப்போனதோடு வீட்டில் கீரையும் நின்றது.

முருங்கை ஏன் பட்டது என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டனிராஜ் பேட்டரி வேலைக்காரர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருந்தவர், கொரோனாவில் அதைக் காலிசெய்துவிட்டுக் கொல்லையிலேயே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரிகளின் பேட்டரிகளெல்லாம் அவரிடம்தான் வரும். செத்த பேட்டரியை உடைத்து, ஆசிட் தண்ணீரை மண்ணில் கவிழ்த்து, உள்ளிருக்கும் பிளேட்டுகளை உருவிக் குவிப்பார். கழுவின தண்ணீரும் கொல்லையிலேயே ஓடும். சாம்பல் நிறத்தில் ஒரு தூள் கொட்டகையைச் சுற்றிப் படிந்து கிடக்கும். வினோலியாவுக்கு இதில் சந்தோஷம்தான். மனுஷன் கண் முன்னாலேயே இருக்கிறார், மத்தியானம் சூடாகச் சாப்பிடுகிறார், வேறென்ன வேண்டும்? முருங்கை காய்ந்து நின்றபோது, "கம்பளிப்பூச்சித் தொல்லை விட்டுச்சு" என்று வெட்டி வெந்நீர் அடுப்புக்கு வைத்தாள்.

அங்கன்வாடி டீச்சர் சிவனம்மாள் மட்டும் ஒரு நாள் பிள்ளைகளைக் கூப்பிடப் போன வினோலியாவை நிறுத்தினார்.

"முட்டை போடுற அன்னைக்கு இந்தப் புள்ள மொகத்தை என்னால பாக்க முடியல வினோலியா. முட்டையுமா கவிச்சி?"

"கவிச்சிதான டீச்சர்? கோழிக்குள்ள இருந்துதான வருது?"

"சின்னப் புள்ளம்மா. மாதா ஒண்ணும் நெனச்சுக்காது."

"நீங்க ஒண்ணு பண்ணுங்க டீச்சர். அவ முட்டைய வீணாக்காதீங்க. ரொனால்டுக்கே குடுத்துருங்க."

அப்படியே நடந்தது. ரொனால்டு இரண்டு முட்டை தின்றான்.

ஷைனி மண் தின்றாள். கொட்டகைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஈர மண்ணை விரலால் கீறி வாயில் வைப்பாள். வினோலியா கையில் அடித்தாள், பூச்சி மாத்திரை கொடுத்தாள், விரல் நுனியில் வேப்பெண்ணெய் தடவினாள். வேப்பெண்ணெயோடு சேர்த்தே தின்றாள் ஷைனி.

"அப்பிடி என்னடி இருக்கு அந்த மண்ணுல?"

"நல்லாருக்கும்மா. இனிக்குது."

பிள்ளைகள் மண் தின்பது புதுசா என்று வினோலியா விட்டுவிட்டாள். ஷைனிக்கு அடிக்கடி வயிறு வலித்தது, ஓமத்தண்ணீர் கொடுத்தாள். விளையாடும் நேரத்தில் தூங்கி வழிந்தாள், பரமசாது என்று மெச்சினாள். ஆடி பிறந்ததும் இந்த வருஷ நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பீரோவிலிருந்து போன வருஷக் காவித்துணியை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். ரொனால்டுக்குச் சட்டை அக்குளில் பிடித்தது, கைநீளம் முழங்கைக்கு ஏறிவிட்டது. ஷைனிக்குக் கவுன் அளவெடுத்துத் தைத்த மாதிரி அப்படியே இருந்தது. "பாரு, எம்பிள்ளை எனக்குத் துணிச் செலவுகூட வைக்கல" என்று கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தாள். ஒரு வருஷமாகப் பிள்ளை வளரவே இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை. கண் முன்னால் கவுன் தொங்குகிறது, பார்க்கத் தெரியவில்லையே! இதை நினைத்து நினைத்துத்தான் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு தட்டு போட்டார்கள். ஆண்டனிராஜ் கொட்டகையிலிருந்து அப்படியே வந்து, ஷைனியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ரொனால்டு எலும்பைத் தட்டில் தட்டி உள்ளிருந்ததை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஷைனி அப்பளத்தை நொறுக்கினாள். நொறுக்கிய கை திடீரென்று விறைத்தது.

"ஏ, என்னாச்சு பாப்பா? பாப்பா!"

கண் மேலே செருகி, வாய் கோணி, ஆண்டனிராஜின் மடியிலேயே பிள்ளை வெட்டி வெட்டி இழுத்தாள். ரோஸ் தட்டு தரையில் கவிழ்ந்து ரசம் ஓடியது. வினோலியா அலறிக்கொண்டு சாவிக்கொத்தைப் பிள்ளை கையில் திணித்தாள். ஆண்டனிராஜ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு தெருவுக்கு ஓடி, போன ஆட்டோவை மறித்தார். பிரியாணி தட்டுகள் அப்படியே கிடந்தன. ரொனால்டு வாயில் எலும்போடு வாசலில் நின்றான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இழுப்பை அடக்கினார்கள். குழந்தை மருத்துவர் பானுப்ரியா இளவயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஷைனியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வெள்ளைத் தாளாக வெளுத்திருந்தது. ஈறைப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். படம் வந்ததும் அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஷைனியின் குடல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். எள்ளை அள்ளித் தெளித்த மாதிரி இருந்தது.

"பாப்பா எதையாச்சும் முழுங்குனாளா?"

"மண்ணு திம்பா மேடம்" என்றாள் வினோலியா. "எல்லாப் பிள்ளையும் திங்கிறதுதான…"

"வெறும் மண்ணு இம்புட்டுப் பளிச்சுன்னு தெரியாதும்மா. இது உலோகம்." ஆண்டனிராஜ் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

ஆண்டனிராஜ் கைகளைப் பின்னால் கொண்டுபோனார். நகக்கண்களில் எப்போதும் கறுப்பு ஏறியிருக்கும் கைகள் அவை. "பேட்டரி வேலை மேடம்."

"எங்க வச்சு?"

"வீட்டுலதான். கொல்லையில."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ரத்தம் சென்னைக்குப் போய் முடிவு வந்தது. காரீயம். பேட்டரி பிளேட்டுகளில் இருக்கிற அதே காரீயம் ஷைனியின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எலும்பிலும் மூளையிலும் அது போய் உட்காரும் என்றார் டாக்டர். மருந்து கொடுத்தால் வெளியே இழுக்கலாம், ஆனால் இதற்குள் எதைக் கெடுத்திருக்கிறது, பேச்சையா படிப்பையா, எது திரும்பி வரும் எது வராது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார்.  

வராந்தாவுக்கு வந்ததும் வினோலியா வெடித்தாள்.

"மனுஷனாய்யா நீங்க? பெத்த பிள்ளைக்கு வெஷத்தை ஊட்டிருக்கீங்களே! வேலை முடிஞ்சு கையக் கழுவுங்க கழுவுங்கன்னு எத்தனை தடவை தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்? அந்தச் சட்டையோடதான தூக்கி மடியில வச்சுக் கொஞ்சுனீங்க?"

 ஆண்டனிராஜ் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பொத்தான்களை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பிய்த்தெடுத்துக் கழற்றி, வராந்தாக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பனியனோடு நின்றார். போவோர் வருவோரெல்லாம் பார்த்தார்கள். "தூக்கத்துல என் தோள்லதான் வாய வச்சு எச்சி ஒழுக்குவா" என்றார்.  சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அன்றே மைத்துனனை வரச்சொல்லிக் கொட்டகையைப் பூட்டி, குடும்பத்தைக் காந்திகிராமம் பக்கம் தங்கச்சி வீட்டுக்கு மாற்ற ஏற்பாடு செய்தார்.

வினோலியாவுக்கு நெஞ்சு வெந்துகொண்டிருந்தாலும், அதில் ஓரத்தில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. மோசமான ஆறுதல்தான், ஆனாலும் உண்மை. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. அது அவள் இல்லை. ஷைனியின் தலைமாட்டில் உட்கார்ந்து செபமாலை உருட்டியபடி அவள் மாதாவிடம் புருஷனைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. "அதே வீட்டுல இன்னொரு பிள்ளை இருக்குன்னீங்கள்ல, அவனையும் பாத்துருவோம்" என்று டாக்டர் ரொனால்டின் ரத்தத்தையும் அனுப்பியிருந்தார். முடிவு வரும் வரை வினோலியா பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டு பிள்ளையும் போய்விடுமோ என்று பயந்தாள்.

முடிவு வந்த அன்று டாக்டர் இருவரையும் ரொனால்டோடு அறைக்குள் கூப்பிட்டார். அவர் முகத்தில் குழப்பம்தான் தெரிந்தது.

"இவனுக்கும் இருக்கு. இருக்கவே கூடாததுதான். ஆனா பாப்பாவுக்கு இருக்குறதுல மூணுல ஒரு பங்குகூட இல்ல. ரெண்டும் ஒரே வீட்டுலதான வளருது?"

"ஒரே வீடு, ஒரே பாய் மேடம்" என்றார் ஆண்டனிராஜ்.

"இவனும் அந்தக் கொல்லையிலதான வெளையாடுறான்?"

"அவளைவிட இவன்தான் மேடம் அங்கயே கெடப்பான். பிளேட்ட எடுத்து வீடு கட்டி வெளையாடுவான்."

"அப்ப இவனுக்கு மட்டும் ரத்தச்சத்து எப்பிடி நல்லாருக்கு? அவளுக்குப் பாதி ரத்தம்கூட இல்ல. இரும்புச்சத்துங்கறது சுத்தமா இல்ல. என்ன சாப்புடுவா பாப்பா?"

வினோலியா வாயைத் திறப்பதற்குள், நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த ரொனால்டு பதில் சொன்னான். டாக்டர் ஆன்ட்டிக்குச் சொல்ல அவனிடம் ஒரு நல்ல சேதி இருந்தது.

"ஷைனி முட்டை, கறி, மீனு ஒண்ணுமே திங்க மாட்டா. அவ மாதா பிள்ளை. அவ முட்டையும் எனக்குத்தான்."

 டாக்டர் வினோலியாவைப் பார்த்தார். வினோலியா நேர்ச்சையைச் சொன்னாள். எத்தனையோ பந்திகளில் குரலை உயர்த்திச் சொன்ன அதே சேதி இப்போது துண்டு துண்டாக வந்தது. ரஸ்க்கும் ரசஞ்சோறும் வரைக்கும் சொல்லி முடித்தாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"காரணம் காரீயம்தான்மா, அதுல சந்தேகமில்ல. ஆனா கேளுங்க. ஒடம்புல இரும்பு கொறைஞ்சா, குடல் எங்கயாச்சும் கெடைக்குமான்னு கதவை அகலத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும். காரீயம் வந்தாலும் இரும்புன்னு நெனச்சு உள்ள விட்டுரும். காலி வயித்துல இன்னும் ஜாஸ்தி ஏறும். ரொனால்டுக்கு வயிறு நெறைஞ்சிருந்துச்சு, கதவு பாதி சாத்தியிருந்துச்சு. ஷைனிக்குத் தொறந்தே கெடந்துருக்கு."

"அப்ப மண்ணு?" என்றார் ஆண்டனிராஜ்.

"ரத்தமில்லாத பிள்ளைங்கதான் பெரும்பாலும் மண்ணு திங்கும். கெட்ட பழக்கம்னு நெனச்சுருப்பீங்க. அவ ஒடம்பு கேட்டிருக்கு. சோத்துத் தட்டுல இல்லாததை மண்ணுல தேடியிருக்கா. உங்க வீட்டு மண்ணுல இருந்தது காரீயம்."

இடி விழுந்தால் சத்தம் கேட்கும் என்பார்கள். வினோலியாவுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நல்லாருக்கும்மா, இனிக்குது என்ற குரல் மட்டும் கேட்டது. அந்தக் கையில் அல்லவா அவள் அடித்தாள்! பசித்த பிள்ளையின் கையில் அடித்து, வேப்பெண்ணெய் தடவி, அதன் முட்டையைப் பிடுங்கி அண்ணனுக்குக் கொடுத்து, வளராத உடம்பில் கவுன் சரியாக இருக்கிறதென்று முத்தம் வேறு வைத்தாளே! ஆண்டனிராஜ் அவள் பக்கம் திரும்பவில்லை. வராந்தாவில் அவள் கேட்ட கேள்வியை அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்காமல் குனிந்து ரொனால்டின் செருப்பு வாரைச் சரிசெய்தார். அதுதான் அவளை அறுத்தது.

"இன்னைக்கு மத்தியானத்துல இருந்தே முட்டை குடுங்க. ஈரல், பருப்பு, கீரை, கேப்பை எல்லாம் சேக்கணும்" என்றார் டாக்டர்.

வினோலியா கை கூப்பினாள். "டானிக் குடுங்க மேடம். கீரை குடுக்குறேன், பருப்பு குடுக்குறேன். கவிச்சி மட்டும்… இன்னும் முடி எறக்கல மேடம். வாக்கை மீறுனா…"

மீறினால் என்ன ஆகும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தவள் இன்றைக்குத் திருப்பி வாங்கிக்கொண்டால் என்ன செய்வது?

"டானிக்கும் உண்டு. ஆனா அவ தட்டுல இருந்து எதையும் கழிக்கிற நெலமையில நாம இல்லம்மா" என்றார் டாக்டர்.

ஆண்டனிராஜ் நேராகக் கோயிலுக்குப் போய்ப் பங்குத்தந்தை கிளெமென்ட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் நரைத்த தாடிக்காரர், கொஞ்சம் முன்கோபி, பூசையில் பிள்ளைகள் கத்தினாலே முறைப்பவர். ஷைனியின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வினோலியாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நேர்ச்சையை மாத்தி வச்சுக் குடுங்க ஃபாதர்" என்று வினோலியா கும்பிட்டாள். "எங்கிட்ட என்ன வேணும்னாலும் கேட்டுக்கச் சொல்லுங்க. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

"மாத்துறது இருக்கட்டும். நேர்ந்தது யாரு?"

"நாந்தான் ஃபாதர்."

"பிள்ளை நேர்ந்துச்சா?"

"பெறந்த பிள்ளை எப்பிடி ஃபாதர் நேரும்?"

"அப்பொறம் அதை எதுக்கும்மா பட்டினி போட்ட?" ஃபாதர் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "நேர்ச்சை நேர்ந்தவங்களைத்தான் கட்டும். அடுத்தவங்க வாயைக் கட்ட யாருக்கும் உரிமையில்ல. இது திருச்சபைச் சட்டம். மறைக்கல்வி டீச்சர் நீ, உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை எங்கிட்ட வந்து கேட்டியா?"

வினோலியா கேட்கவில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை.

"கவிச்சி விடணும்னா நீயில்ல விட்டுருக்கணும்?" என்றார் ஃபாதர், இந்தத் தடவை மெதுவாக. "நீ விட்டியாம்மா?"

இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளும் அவள் கண் முன் வரிசையாக வந்தன. மூன்று தட்டில் பிரியாணி. அந்த மூன்றில் ஒன்று அவளுடையது. மாதாவிடம் வாக்குக் கொடுத்தவள் கறித்துண்டைத் தேடி எடுத்துத் தின்றிருக்கிறாள். கொடுக்காதவள் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கியிருக்கிறாள். யாருடைய விரதத்தை யார் இருந்தது? புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு வினோலியா அங்கேயே குந்திவிட்டாள்.  

மத்தியானம் ஆண்டனிராஜ் அவித்த முட்டை இரண்டு வாங்கி வந்தார். ஷைனி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருந்து ஏறுகிற கை அட்டையில் கட்டியிருந்தது. இடுப்பு வரை தொங்கும் முடியைப் பக்கவாட்டில் ஒதுக்கிப் பின்னியிருந்தார்கள். வினோலியா முட்டையை உரித்து, உப்பு தொட்டு, ஒரு விள்ளலைப் பிள்ளையின் வாய்ப் பக்கம் கொண்டுபோனாள்.

ஷைனி வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"சாப்புடு தங்கம். முட்டைடா."

"ரொனால்டுக்குக் குடும்மா."

"அவனுக்கும் இருக்கு. இது உனக்கு."

"மாதா கோவிச்சுக்கும்."

வினோலியா மருகினாள். ஃபாதரே சொல்லிவிட்டார் என்றாள். மாதா கோபிக்காது என்றாள். அப்பா கெஞ்சினார், ரொனால்டு கூடத் தன் முட்டையை வைத்துக்கொண்டு "ருசியா இருக்கும்டி" என்றான். பிள்ளையின் வாய் திறக்கவில்லை. அம்மா படித்துப் படித்துச் சொன்ன பாடம் ஆயிற்றே, அவ்வளவு சீக்கிரம் மறக்குமா?

கடைசியில் வினோலியா கட்டிலில் ஏறி மகளுக்கு நேராக உட்கார்ந்தாள். தன் கழுத்துச் செபமாலையைக் கழற்றி உள்ளங்கையில் பிடித்தாள்.

"ஷைனி, இங்க பாரு. அம்மாதான் மாதாகிட்ட வாக்குக் குடுத்தேன். நீ குடுக்கல. தெரியாம ஒந்தலையில கட்டிட்டேன். இன்னைலருந்து அம்மா கவிச்சி திங்க மாட்டேன். உன் நேர்ச்சைய அம்மா வாங்கிக்கிட்டேன். நீ திங்கணும். சரியா?"

ஷைனி அம்மாவின் முகத்தையும் செபமாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். முன்னைப்போல் பேச்சு சட்டென்று வரவில்லை, வார்த்தையைத் தேடிப் பிடித்துத்தான் பேசினாள்.

"அப்ப இனிமே நீதான் மண்ணு திம்பியாம்மா?"

ஆண்டனிராஜ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.  நேர்ச்சை என்றால் பிள்ளைக்கு அதுதான் தெரியும். கவிச்சி தின்னாதவர்கள் மண் தின்ன வேண்டும், வயிறு வலிக்க வேண்டும்.

"ஆமாடா தங்கம்" என்றாள். "அம்மாவே திங்கிறேன். நீ வாயத் தொற."

ஷைனி இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தாள். "கொட்டகைக்குப் பின்னாடி இருக்குறதுதான் இனிக்கும்மா" என்று அம்மாவுக்கு இடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வாயைத் திறந்தாள்.